கோடு போடாமலே ரோடு போட்ட டார்

1971 நவம்பர் 3 தேதியிட்ட யூனிக்ஸ் முதல் கையேட்டை இன்றைக்குப் புரட்டினாலும் ஒரு கோஷ்டிப் பூசலின் விதை கண்ணில் படும். நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில், பெல் லேப்ஸில் உட்கார்ந்து கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய கையேடு அது. அதில் ‘எல்எஸ்’ என்று ஒரு கட்டளை. கோப்புகளைப் பட்டியல் போடும். விவரமான பட்டியல் வேண்டுமென்றால் சின்னதாக ஒரு கோடு கிழித்து எழுத்தைப் போட வேண்டும்: ‘எல்எஸ் -எல்’. அதே புத்தகத்தில் ‘ஏஆர்’ என்று இன்னொன்று. சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டும். அதற்குக் கோடெல்லாம் கிடையாது. எழுத்து மொட்டையாக வந்து நிற்கும். டேப்பில் கோப்புகளை ஏற்றி இறக்கும் ‘டாப்’ கட்டளையும் ஏஆர் கட்சிதான்.

இரண்டு கட்சிக்கும் நியாயம் கற்பிக்கலாம். எல்எஸ்ஸுக்கு ஆப்ஷன் கொடுத்தாலும் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். ஆகவே அடுத்து வருவது ஆப்ஷனா, கோப்பின் பெயரா என்று பிரித்துக் காட்ட ஓர் அடையாளம் வேண்டும். ஏஆரிடம் அந்தச் சந்தேகமே எழாது. சேர், நீக்கு, எடு, காட்டு என்று ஏதாவது ஒன்றைச் சொல்லாமல் அதனிடம் வேலை வாங்க முடியாது. முதல் சொல் எப்படியும் உத்தரவுதான். அப்புறம் கோடு எதற்கு? அன்றைக்கு அவர்கள் முன்னால் இருந்த டெலிடைப் 33 இயந்திரம் நொடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும், அதுவும் ஊரைக் கூட்டும் சத்தத்தோடு. அதன் சாவிகளை அழுத்த விரலுக்குத் தனியாகத் தீனி போட வேண்டும். ஓர் எழுத்து மிச்சம் என்றால் லாபம்தான்.

டாப் பேசியது டெக்டேப் என்ற குட்டி ரீலோடு. ஒரு ரீலுக்கு 578 கட்டம், கட்டத்துக்கு 512 பைட். மொத்தமே 3 லட்சம் பைட் தேறாது. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் ரோஜாப்பூ அதில் அடங்கினால் அதிர்ஷ்டம். டாப் போய் ‘டிபி’ வந்தது. டிபிக்கும் வயசாகி, 1979 ஜனவரியில் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு நம் கதாநாயகன் பிறந்தான்: டார். டேப் ஆர்க்கைவின் சுருக்கம். அப்பன், பாட்டன் வழியில் கோடு போடாத வம்சம்.

ஏழாம் பதிப்பின் மூல நிரல் இன்று யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கிறது. டாரில் ஆப்ஷன்களைப் படிக்கும் பகுதி ஒரே ஒரு ஸ்விட்ச். வேறு சடங்கு கிடையாது. கட்டளைக்கு அடுத்த சொல்லை எழுத்தெழுத்தாகத் தின்னும். ‘சி’ வந்தால் புது மூட்டை கட்டு. ‘எக்ஸ்’ வந்தால் பிரி. ‘டி’ வந்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று காட்டு. ‘வி’ வந்தால் செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய். ‘எஃப்’ வந்தால் மூட்டையின் பெயர் பின்னால் வருகிறது, எடுத்துக்கொள். இந்த வரிசையில் கோட்டுக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். கோடு வந்தால் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்யாதே, அடுத்த எழுத்துக்குப் போ. அவ்வளவுதான் நிரல். முன்னால் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, நடுவில் போட்டாலும் சரி. ‘எக்ஸ்-வி-எஃப்’ என்று விக்கி விக்கி அடித்தாலும் முகம் சுளிக்காமல் வேலை நடக்கும். கோட்டுக் கட்சிக்கும் மொட்டைக் கட்சிக்கும் இதைவிட மலிவான சமரசம் அப்புறம் வரவே இல்லை.

இன்னொரு வேடிக்கை. எந்த டேப் இயந்திரம் என்று சொல்ல ‘0’ அல்லது ‘1’ என்று அதே சொல்லில் சேர்த்து எழுதலாம். நிரலுக்குள் ‘/டெவ்/எம்டி1’ என்று இயந்திரத்தின் பெயர் தயாராக எழுதி வைத்திருக்கிறது. எண் வந்ததும் டார் அந்தப் பெயரில் எட்டாவது எழுத்தை (ஆங்கிலத்தில் எண்ணுங்கள்) அழித்துவிட்டு, வந்த எண்ணை அங்கே ஒட்டிவிடும். இதை இன்றைக்கு ஒரு பொறியியல் கல்லூரி மாணவர் எழுதினால் இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்கள். பெல் லேப்ஸில் எழுதினால் அதற்குப் பெயர் எளிமை.

‘பி’ என்ற எழுத்துக்குத்தான் உண்மையிலேயே கனம் அதிகம். டேப் ஓடும்போது ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் நடுவில் இயந்திரம் நின்று கிளம்புவதற்கு வெற்று இடம் விட்டாக வேண்டும். அங்குலத்துக்கு 1600 பைட் எழுதும் டேப்பில் அந்த வெற்றிடம் 0.6 அங்குலம். 512 பைட் கட்டம் பிடிக்கும் இடமோ 0.32 அங்குலம்தான். ஏழாம் பதிப்பு டாரிடம் ஒன்றும் சொல்லாமல் விட்டால் ஒரு பதிவுக்கு ஒரு கட்டம் என்றே எழுதும். ஆக, 2400 அடி ரீலில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைய வெறும் சும்மா. கணக்குப் போட்டால் சுமார் 1 கோடியே 60 லட்சம் பைட்தான் ஏறும். ‘பி’ போட்டு, பின்னால் 20 என்று சொன்னால் இருபது கட்டம் ஒரே பதிவாகிவிடும்; அதே ரீலில் 4 கோடியே 20 லட்சம் பைட் ஏறும். ஓர் எழுத்துக்கும் ஓர் எண்ணுக்கும் ஒன்றரை ரீல் சம்பாத்தியம். பிற்காலத்து டார்கள் 20 என்பதையே சொல்லாமல் சொன்னதாக எடுத்துக்கொண்டன. இன்றைக்கும் உங்கள் லினக்ஸ் லேப்டாப்பில் மூன்று வரிக் கோப்பு ஒன்றை மூட்டை கட்டினால் அது 10,240 பைட் எடை நிற்கும். டேப் இல்லாத வீட்டிலும் டேப்புக்கு இடம் விட்டிருக்கிறது.

பியும் எஃப்பும் சேர்ந்தால்தான் வம்பு. எழுத்துகள் எல்லாம் முதல் சொல்லில் கும்பலாக நிற்க, அவற்றுக்கு உரிய விவரங்கள் பின்னால் தனி வரிசையில் வரும். ரேஷன் கடையில் கார்டுகளை அடுக்கி வைத்துவிட்டு ஆட்கள் தனியாக நிற்பார்களே, அந்த ஏற்பாடு. கார்டு எந்த வரிசையோ ஆளும் அந்த வரிசையில் நிற்க வேண்டும். ‘சிபிஎஃப்’ என்றால் முதலில் 20, பிறகு மூட்டையின் பெயர். ‘சிஎஃப்பி’ என்றால் முதலில் பெயர், பிறகு 20. மாற்றிக் கொடுத்தால்? டார் ‘20’ என்பதை மூட்டையின் பெயராக எடுத்துக்கொள்ளும். மூட்டையின் பெயரை எண்ணாக மாற்றப் பார்த்து, பூஜ்யம் வந்ததும், கட்ட அளவு செல்லாது என்று திட்டிவிட்டு வெளியே போய்விடும். பெயரை எண்ணாகப் படித்தது யார் என்று மட்டும் சொல்லாது.

திட்டிவிட்டுப் போவது பரவாயில்லை. திட்டாமல் செய்துவிடுவதுதான் ஆபத்து. இரண்டு சி மொழிக் கோப்புகளை மூட்டை கட்ட வந்தவர் மூட்டையின் பெயரைச் சொல்ல மறந்துவிட்டு ‘டார் சிஎஃப்’ என்று அடித்து இரண்டு கோப்பின் பெயரையும் கொடுக்கிறார் என்று வையுங்கள். எஃப்புக்கு அடுத்து நிற்பது முதல் கோப்பு. சரி, இதுதான் மூட்டை போலிருக்கிறது என்று டார் அதன் மேலேயே இரண்டாவதைக் கட்டி முடித்துவிடும். ராத்திரி முழுக்க எழுதிய நிரல் போயே போச்சு. பிரிக்க வந்தவர் எக்ஸுக்குப் பதில் சி அடித்தாலும் இதே கதிதான். கீபோர்டில் இரண்டு எழுத்தும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று பிரிக்கும், இன்னொன்று அழிக்கும். இந்த இடம் ஒதுக்கீட்டைச் செய்த தட்டச்சு இயந்திரக்காரர்களுக்கு வரப்போவது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் பெல் லேப்ஸ்காரர்களுக்குக் கீபோர்டு கண்ணெதிரே இருந்தது.

ஆகவே சீர்திருத்தவாதிகள் வந்தார்கள். வராமல் இருப்பார்களா?

முதலில் பெல் லேப்ஸின் தாய் நிறுவனமான ஏ.டி. அண்ட் டி. வீட்டுக்குள்ளேயே கிளம்பியது. 1980இல் சிஸ்டம் த்ரீ என்ற யூனிக்ஸில் ‘கெட்ஆப்ட்’ என்று ஒரு பொது நிரல் வைத்தார்கள். ஒவ்வொரு கட்டளையும் தன் இஷ்டத்துக்கு ஆப்ஷன் படிக்க வேண்டாம், எல்லாரும் இதைக் கூப்பிடுங்கள் என்றார்கள். 1985இல் டல்லாஸில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் அதன் மூலத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தும் விட்டார்கள். கூடவே 13 விதிகள். கட்டளையின் பெயர் இரண்டு எழுத்துக்குக் குறையாமல் ஒன்பதுக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். எல்லா ஆப்ஷனுக்கும் முன்னால் கோடு வேண்டும். ஆப்ஷன்கள் முன்னால், கோப்புகள் பின்னால். பெயர் நீளத்தில் டார் பாஸ். மற்றதில் எல்லாம் அரியர்.

கெட்ஆப்ட்டின் இலக்கணத்தில் ஒரு சங்கதி உண்டு. ஓர் எழுத்து விவரம் கேட்டால், அதே சொல்லில் அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவது எல்லாம் அந்த விவரம்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது டார்காரர் ஒருவர் இருபது வருஷப் பழக்கத்தில் ‘சிஎஃப்வி’ என்று அடிக்கிறார். கோடில்லாமல் அடித்தால் பழைய முறைப்படி மூட்டை கட்டப்படுகிறது, வி இருப்பதால் ஒவ்வொரு கோப்பாகப் பெயரும் சொல்கிறது. நல்ல பிள்ளையாகக் கோடு போட்டு ‘-சிஎஃப்வி’ என்று அடித்தால்? எஃப்புக்குப் பின்னால் ஒட்டியிருப்பது வி. ஆகவே மூட்டையின் பெயர் ‘வி’. அவர் மூட்டைக்கு வைத்த பெயர் கட்ட வேண்டிய கோப்பாகிவிடுகிறது. அப்படி ஒரு கோப்பே இல்லையே என்று புகார் வருகிறது. புகார் வருவது ஒரு பக்கம் இருக்க, அந்த டைரக்டரியில் ‘வி’ என்று ஒரு மூட்டை பிறந்து கிடக்கிறது. பல அலுவலகங்களின் பழைய சர்வர்களில் ‘வி’ என்ற அனாதைக் கோப்பைப் பார்க்கலாம். ஒழுங்காக இருக்க முயன்ற யாரோ ஒருவரின் நினைவுச்சின்னம் அது.

இதே காலத்தில் இன்னொரு மூட்டைக்காரனும் வளர்ந்துகொண்டிருந்தான். பெயர் சிபிஐஓ. 1977இல் டிக் ஹெய்ட் எழுதியது. அவன் கோப்புகளின் பெயரைக் கட்டளை வரியில் வாங்கவே மாட்டான். வேறு ஒரு கட்டளை பட்டியல் போட்டுக் கொடுத்தால் குழாய் வழியாக வாங்கிக்கொள்வான். டார் கட்சியும் சிபிஐஓ கட்சியும் யூனிக்ஸ் வகைகளுக்குப் பொதுத் தரம் வகுத்த பாசிக்ஸ் குழுவில் சந்தித்தபோது நடந்ததை அமெரிக்கர்களே ‘டார் வார்ஸ்’ என்று படப்பெயர் மாதிரி அழைத்தார்கள். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் குழு செய்ததைக் கேளுங்கள்: இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு ‘பாக்ஸ்’ என்று மூன்றாவதாக ஒன்றை உண்டாக்கினார்கள். லத்தீனில் சமாதானம் என்று அர்த்தமாம். படிக்க ‘-ஆர்’, எழுத ‘-டபிள்யூ’, இரண்டும் போட்டால் நகல். விதிப்படி எல்லாம் கச்சிதம். 1992 தரத்தில் பாக்ஸ் இடம்பிடித்தது. 1997இல் டாரும் சிபிஐஓவும் ‘பழைய சரக்கு’ என்று முத்திரை வாங்கின. 2001இல் தரத்திலிருந்தே பெயரை எடுத்துவிட்டார்கள்.

அந்தத் தரத்தின்படி டார் என்று ஒரு கட்டளை இப்போது இல்லை. செத்த செய்தியை டாரிடம் யாரும் சொல்லாததால் அது பாட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. சமாதானத் தூதர் பாக்ஸையோ இன்று பல லினக்ஸ்களில் தனியாகத் தேடி நிறுவிக்கொள்ள வேண்டும்.

தரக் குழுக்கள் இப்படி ஆள் அனுப்பிக்கொண்டிருந்தபோது ஜான் கில்மோர் என்பவர் 1980களில் ஒரு டாரைச் சொந்தமாக எழுதி, பதிப்புரிமை எதுவும் வைத்துக்கொள்ளாமல் ஊருக்கு விட்டார். (பின்னாளில் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.) அதை ரிச்சர்ட் ஸ்டால்மனின் குனு கூட்டம் எடுத்துக்கொண்டு வளர்த்தது. குனுக்காரர்களுக்கு ஒற்றை எழுத்துச் சிக்கனத்தில் நம்பிக்கை கிடையாது. மனுஷன் படித்தால் புரிகிற மாதிரி முழுச் சொல்லாக எழுதுவோமே என்றார்கள். நல்ல யோசனை. ஆனால் முழுச் சொல்லுக்கு முன்னால் என்ன குறி போடுவது? கோடு ஏற்கெனவே ஒற்றை எழுத்துக்குப் போய்விட்டது. சரி, பிளஸ் போடுவோம் என்று கூட்டல் குறியைப் போட்டார்கள். கொஞ்ச காலம் ‘+’ போட்டு எழுதிப் பழகியதும், பாசிக்ஸோடு இது ஒத்துப்போகாது என்று கண்டுபிடித்து, ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடு என்று மாற்றினார்கள். ‘--கிரியேட்’, ‘--எக்ஸ்ட்ராக்ட்’, ‘--வெர்போஸ்’, ‘--ஃபைல்’. கோடே வேண்டாம் என்று இருந்த வம்சத்துக்கு இரட்டைக் கோடு!

ஸ்டால்மனுக்கும் பாசிக்ஸுக்கும் இருந்த உறவு விசித்திரமானது. பாசிக்ஸ் என்ற பெயரையே யோசித்துக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் அதன் விதிகளை அப்படியே பின்பற்ற அவருக்கு மனசு வரவில்லை. ஆப்ஷனைக் கோப்பின் பெயருக்குப் பிறகும் எழுதலாம், நாங்கள் தேடி எடுத்துக்கொள்கிறோம் என்பது குனு வழக்கம். விதிப்படிதான் நடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் ஒரு சூழல் மாறியை ஏற்றி வைத்துக்கொள்ளலாம் என்று சலுகை கொடுத்தார்கள். அதற்கு முதலில் வைத்த பெயர் ‘பாசிக்ஸ்_மீ_ஹார்டர்’. அதன் பொழிப்புரையைக் குடும்பப் பத்திரிகையில் போட முடியாது. பிறகு யாரோ பெரியவர்கள் சொல்லி, ‘பாசிக்ஸ்லி_கரெக்ட்’ என்று குளிப்பாட்டி, தலைவாரி விட்டார்கள்.

முழுச் சொல் வந்துவிட்டது, கெட்ஆப்ட் வந்துவிட்டது. மொட்டை எழுத்து ஒழிந்ததா? அதுதான் இல்லை. உலகம் முழுக்க ஸ்கிரிப்டுகளிலும் விரல்களிலும் ‘எக்ஸ்விஎஃப்’ ஊறிப்போயிருந்தது. தொட்டில் பழக்கம். குனு டாரின் மூலத்தில் ஆப்ஷன் படிக்கும் இடத்தின் தொடக்கத்திலேயே ஒரு தனிப் பகுதி உண்டு. முதல் சொல் கோட்டில் தொடங்காவிட்டால், அதை வெடித்துச் சிதறடிக்கிறோம் என்று அங்கே குறிப்பே எழுதியிருக்கிறார்கள். ‘சிபிஎஃப்’ வந்தால் அதை மூன்றாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் தானே கோடு கிழித்து, விவரம் கேட்கும் எழுத்துக்குப் பின்னால் உரிய விவரத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, புதிய கட்டளை வரி ஒன்றை எழுதி, அதை நவீனப் பகுதியிடம் கொடுக்கிறது. நவீனப் பகுதிக்கு எதுவும் தெரியாது. ஆள் ஒழுங்காகத்தான் அடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வேலை செய்யும். நீங்கள் போடாத கோட்டை உங்களுக்காகப் போட்டுத்தர ஒரு குமாஸ்தா! சீர்திருத்தத்தின் மொத்த வெற்றி அந்தக் குமாஸ்தா வேலைதான் என்பேன்.

ஒரு விஷயத்தில் குனு டாருக்கு நன்றி சொல்ல வேண்டும். எதைக் கட்டுவது என்று சொல்லாமல் ‘சிஎஃப்’ மட்டும் போட்டு மூட்டையின் பெயரைக் கொடுத்தால், அது பயந்து பின்வாங்குவதாகத் தானே ஒப்புக்கொண்டு, காலி மூட்டை கட்ட மறுத்துவிடும். எக்ஸுக்குப் பதில் சி அடித்த எத்தனை பேரின் பேக்கப்பை இந்தக் கோழைத்தனம் காப்பாற்றியிருக்கும்! வீரம் காட்டிய பழைய டார்களைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்து எழுத்துப் பஞ்சம் வந்தது. மூட்டையைக் கட்டினால் போதாது, அமுக்கவும் வேண்டும் என்று ஊர் கேட்டது. அப்போது இருந்த அமுக்கி ‘கம்ப்ரஸ்’. அதற்கு ‘இசட்’ கொடுத்தார்கள். கம்ப்ரஸுக்குள் இருந்த கணக்குமுறைக்கு யூனிசிஸ் காப்புரிமை கொண்டாடியதால், 1992இல் ஜான்-லூப் கெய்லியும் மார்க் ஆட்லரும் ‘ஜிசிப்’ எழுதினார்கள். சின்ன இசட் ஜிசிப்புக்குப் போனது. கம்ப்ரஸ் பெரிய இசட்டோடு திருப்திப்பட்டுக்கொண்டது. 1996இல் ஜூலியன் சீவர்டின் ‘பிசிப்2’ வந்தது. இசட் காலியில்லை. முதலில் பெரிய ‘ஐ’ கொடுத்துப் பார்த்தார்கள். வேறு சில ஊர்களில் ‘ஒய்’ என்று கொடுத்தார்கள். சோலாரிஸ் என்ற யூனிக்ஸிலோ பெரிய ஐக்கு வேறு வேலை இருந்தது. கடைசியில் ‘ஜே’ என்று முடிவாயிற்று. ஜேக்கும் பிசிப்2க்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள். ஜே காலியாக இருந்தது என்பதுதான் உறவு. பிறகு ‘எக்ஸ்இசட்’ வந்தபோது எக்ஸும் இல்லை, இசட்டும் இல்லை. பெரிய ஜேயைக் கொடுத்து அனுப்பினார்கள். துரத்திவிட்ட பெரிய ஐயை வேறு உத்தியோகத்தில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

‘எல்’ கதை இன்னும் பரிதாபம். பழைய யூனிக்ஸில் எல் என்றால் எல்லா இணைப்புகளும் மூட்டைக்குள் வந்தனவா என்று சரிபார். குனு டாரில் எல் என்றால் வேறு டிஸ்க்குக்குத் தாவாதே. சம்பந்தமே இல்லாத இரண்டு வேலை. குனுக்காரர்கள் பழைய அர்த்தத்துக்கே திரும்ப முடிவு செய்து, யாராவது எல் அடித்தால், இந்த எழுத்தின் பொருள் வருங்காலத்தில் மாறப்போகிறது, முழுச் சொல்லை எழுதுங்கள் என்று எச்சரிக்கை விட்டுக்கொண்டிருந்தார்கள். நடுராத்திரியில் தானாக ஓடும் பேக்கப் ஸ்கிரிப்டுகளுக்கு அந்த எச்சரிக்கை போய்க்கொண்டிருந்தது. படிக்க ஆளில்லை. மாற்றியதும் எல்லாரும் எழுந்து வந்து சண்டை போட்டார்கள். ‘ஓ’ இதைவிடச் சாமர்த்தியம்: கட்டும்போது ஓர் அர்த்தம், பிரிக்கும்போது இன்னோர் அர்த்தம். இன்றுவரை அப்படித்தான்.

2004 டிசம்பரில் வந்த குனு டாரின் 1.15 பதிப்பில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். மூட்டையைப் பிரிக்கும்போது இசட்டா, ஜேயா என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை. டாரே முகர்ந்து பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்ளும். மனித குலம் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. இன்றைக்கும் கல்லூரியிலிருந்து புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் ‘டார் -எக்ஸ்இசட்விஎஃப்’ என்றுதான் அடிக்கிறார்கள். அவர்களில் பலர் இந்த வசதி வந்தபோது தொட்டிலில் இருந்தவர்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த அண்ணனுக்கு அவருடைய அண்ணன் சொன்ன மந்திரம் அது. மந்திரத்தில் எழுத்தைக் குறைத்தால் பலிக்காது என்று பயம்.

அதே 2004இல் ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு யூனிக்ஸ் வாரிசின் பக்கம் டிம் கீன்ட்சல் புதிதாக ஒரு டார் எழுதிக் கொடுத்தார். காலி மனையில் வீடு கட்டுகிறவர் பழைய வாஸ்துவையெல்லாம் தூக்கிப்போட்டிருக்கலாம். முடியவில்லை. அவருடைய ஆப்ஷன் படிக்கும் பகுதியில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெயர் உண்டு: தொடக்கம், ஒற்றை எழுத்து, முழுச் சொல் என்று போகும் பட்டியலில் ‘பழைய டார்’ என்றே ஒரு நிலை. கெட்ஆப்ட்டின் ஆயத்தப் பொருள் இதற்கெல்லாம் வளைந்து கொடுக்காது என்பதால் அந்தப் பகுதியைக் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. பொது நிரலைக் கூப்பிடுங்கள், தனித்தனியாக எழுதாதீர்கள் என்று 1980இல் ஆரம்பித்த சீர்திருத்தம் கடைசியில் இங்கே வந்து நின்றது.

குனு டாரில் இன்றைக்கு முழுச் சொல் ஆப்ஷன்கள் நூற்றைத் தாண்டும். அவற்றில் நாலைந்தைத் தவிர மற்றவற்றை யாரும் சீந்துவதில்லை. 2013இல் ‘எக்ஸ்கேசிடி’ என்ற கேலிச்சித்திரத் தொடரில் ராண்டல் மன்றோ ஒன்று வரைந்தார். அணுகுண்டை நிறுத்த வேண்டும். அதற்குச் செல்லுபடியாகும் டார் கட்டளை ஒன்றைக் கூகுளைப் பார்க்காமல் முதல் முயற்சியிலேயே அடிக்க வேண்டும். பத்து வினாடிதான் நேரம். யூனிக்ஸ் தெரிந்தவர் என்று கூப்பிட்டு வந்த ஆள் கைவிரித்துவிடுகிறார். படித்துவிட்டு ‘டார் --ஹெல்ப்’ என்று அடித்தாலே செல்லுபடியாகுமே என்று வாதாடக் கிளம்பிய கூட்டம் இன்னும் ஓயவில்லை. ஏழாம் பதிப்பு இயந்திரமாக இருந்தால்? அதன் டார் இரண்டு கோட்டையும் விழுங்கிவிட்டு, ஹெச் என்றால் என்ன என்று கேட்டிருக்கும். குண்டு வெடித்திருக்கும்.

கடைசியாக டார் போய்ச் சேர்ந்த ஊர் யாரும் எதிர்பாராதது. மைக்ரோசாஃப்ட். 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து டார் கூடவே வருகிறது. டிம் கீன்ட்சல் தொடங்கிய அந்த டார்தான். டாஸ் காலத்திலிருந்து ஆப்ஷனுக்குச் சாய்வுக்கோடு போட்டே பழகிய ஊர் அது. நேர்க்கோட்டுக்கும் மொட்டை எழுத்துக்கும் நடந்த சண்டையில் அவர்களுக்குப் பங்கே இல்லை. அங்கே போய், சாய்வுக்கோடும் போடாமல், ‘டார் எக்ஸ்விஎஃப்’ என்று மொட்டையாக அடித்தாலும் கட்டுப்படுகிறது. எஃப்பை மட்டும் மறந்துவிடாதீர்கள். மறந்து ‘டார் -எக்ஸ்’ என்று அடித்தால், உங்கள் மூட்டையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ‘\\.\டேப்0’ என்பதைத் திறக்க முடியவில்லை என்று அந்தக் காகிதத் தடிமன் லேப்டாப் புகார் சொல்லும். ரீலை மாட்டினீர்களா என்று கேட்கிறது.